வீடு பார்க்க வந்தவர்கள்

முதலில் குளியலறைக் குழாயைத்தான் திறப்பார்கள். சுலோச்சனாவுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. வீடு பார்க்க வருகிறவர்கள் ஹாலில் நின்று கண்ணை ஒரு சுற்று சுற்றிவிட்டு நல்ல வெளிச்சம் என்பார்கள், அது சும்மா மரியாதைக்கு, பிறகு நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து தண்ணீர் எந்த வேகத்தில் விழுகிறது என்று பார்ப்பார்கள். அப்புறம் அண்ணாந்து கூரையில் எங்காவது ஈரம் பூத்திருக்கிறதா என்று தேடுவார்கள். வயதானவர்கள் வாசலில் நின்று கிழக்கு எது என்று கேட்பார்கள். பெண்கள் சமையல் மேடையில் விரலை வைத்து இழுத்துப் பார்ப்பார்கள், கிரானைட் பார்ப்பதுபோலத்தான் இருக்கும், ஆனால் அந்த விரலில் பிசுக்கு ஒட்டுகிறதா என்பதில் அவள் எப்படிப்பட்ட குடித்தனக்காரி என்பது முடிவாகிவிடும். குழந்தைகள் மட்டும் எதையும் சோதிக்காமல் பால்கனிக்கு ஓடும். இதையெல்லாம் வேறு யாரோ ஒருத்தியின் வீட்டில் நடப்பதுபோல அவள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, எழுந்ததும் தரையைத் துடைத்தாயிற்று, படுக்கை விரிப்பை மாற்றியாயிற்று, வீட்டுத் தரகர் ரங்கராஜ் நேற்றே போனில் சொல்லிவிட்டான், "மீனு கீனு எதும் செஞ்சிராதீங்க்கா, வாசம் நின்னுரும். ஜன்னலெல்லாம் தொறந்து வையுங்க. அப்பறம் அந்த விசயம்... அவிய கேட்டாப் பாத்துக்கலாம், நீங்களா எடுக்காதீங்க." அந்த விசயம் என்றால் சின்ன அறை. அவள் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி போன வருஷத்துக்கு முந்தின வருஷ ஆடியில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்த அறையில் படுத்தவர் காப்பிக்கு எழுந்திருக்கவில்லை. அது ஒன்றும் பெரிய விசயமில்லை, மனிதர்கள் போகத்தான் செய்கிறார்கள், ஆனால் நட்சத்திரம் பார்த்த ஐயர், இது அடைப்பு நட்சத்திரம், இதில் உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டிவைத்துச் சாயந்திரம் விளக்கு வையுங்கள் என்று சொல்லிவிட்டார், பூட்டின கதவு அக்கம்பக்கம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எடுக்காதீங்க என்று சொன்னால் எப்படி, வாங்குகிறவர்கள் படுக்கிற அறை, பின்னால் யாராவது சொல்லித் தெரிந்தால் அவளையல்லவா ஏமாற்றுக்காரி என்பார்கள். சொல்லிவிட வேண்டியதுதான். சொல்லாமல் இருந்தாலும் தப்பில்லை. சொல்லிவிட வேண்டியதுதான்.

மணி அடித்தது. ரங்கராஜ் செருப்பைக் கழற்றும்போதே பேசிக்கொண்டு வந்தான், அவன் பின்னால் ஓர் இளம் தம்பதி. பையன் பெயர் லோகேஷ், கையில் போன், அந்தப் போனுக்குள் அவனுடைய அம்மா, கோபியில் உள்ள வீட்டிலிருந்து வீடியோவில் வந்திருந்தார். அந்தம்மாவின் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன. "வணக்கமுங்க," என்று நெற்றி சொன்னது. சுலோச்சனாவும் போனைப் பார்த்துக் கும்பிட்டாள். பெண் ஹேமப்பிரியா, மெலிந்த முகம், தூக்கம் போதாத கண், துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு வாசல்படிக்கு இந்தப் பக்கம் வரலாமா என்று கேட்கிறவள்போல நின்றாள். "வா கண்ணு," என்றாள் சுலோச்சனா, அப்படி யாரையும் இதுவரை அழைத்ததில்லை, வாங்க என்றுதான் சொல்லியிருக்கிறாள், வாய் எப்படியோ சொல்லிவிட்டது. ரங்கராஜ் இந்த வடவள்ளிப் பகுதியின் பெருமையை ஆரம்பித்துவிட்டான். அது வானொலிச் செய்திபோல அவள் காதில் ஒருபக்கம் ஓடியது. "முன்னெல்லாம் பஸ் ஸ்டாப்பு எத்தன தூரம்னு கேப்பாங்க சார், இப்ப நெட்டு எத்தன வேகம்னு கேக்கறாங்க. கொரோனாவுக்குப் பொறவு பாருங்க, எல்லாருக்கும் ஒரு ரூமு சேத்தி வேணும், வீட்லயே ஆபீஸ்ங்களே. சரவணம்பட்டிப் பக்கம் புதுசு புதுசாக் கட்டடம் எந்திரிக்குது, நீச்சல்குளம், ஜிம்மு எல்லாம் வெச்சுத் தர்றாங்க, வாங்கினவங்க பாதிப் பேரு இப்ப தண்ணி லாரிக்குக் காத்துட்டு நிக்கறாங்க. இங்க சிறுவாணித் தண்ணி. குடிச்சுப் பாருங்க, அக்கா ஒரு சொம்பு தண்ணி குடுங்க்கா." சிறுவாணித் தண்ணி. அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் சமையலறைக்குப் போனாள், சொம்பை எடுத்தாள், குழாயின் கீழே வைத்தாள், தண்ணீர் நிறைந்து வழிந்து கையை நனைத்த பிறகும் அப்படியே நின்றாள்.

வீடு வாங்கிய அன்றைக்கும் இதே வார்த்தைதான். தெய்வசிகாமணி பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர், அவருடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்தாற்போல இந்தக் கட்டடத்தில் பதிவு செய்தார்கள், ஒருவர் வாங்கினார் என்று இன்னொருவர், இன்னொருவர் வாங்கினார் என்று இவர். பிற்பாடு யோசித்தால் அதைத் தவிர வேறு காரணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன காரணம் தண்ணி. சுலோச்சனா அப்போது சாயிபாபா காலனியில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட். அந்த ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு விற்பனைக்கு வந்திருந்தது, சின்ன வீடு, பழைய வீடு, படிக்கட்டு செங்குத்து. அவள் தனியாகப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள், சொல்லவும் சொன்னாள், அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அங்க தண்ணி?" என்றார், அவளுக்குத் தெரியவில்லை, குழாயைத் திறந்து பார்க்க அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. அதோடு முடிந்தது. இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது பூச்சுகூட முடியாமல் சிமெண்ட் வாடையாக இருந்தது, அவர் எஞ்சினியரோடு மொட்டைமாடித் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார், அவள் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு இதோ இந்தச் சமையலறை இருக்கும் இடத்தில் ஜல்லிமேல் கால் நோக நின்றாள். யாரும் பிடித்திருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதும் தெரியாது. பிடிக்கவில்லை என்று சொல்லியிருப்பாளா. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்ப் பார்த்தாள், சாயந்திரம் பையன் பூட்டிய வாசலில் புத்தகப் பையோடு உட்கார்ந்திருந்தான், வேலையை விட்டாள். அந்த ஆபீஸின் டைப்ரைட்டரில் ழகரம் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கி விழும். இப்போது ஏன் அது நினைவுக்கு வருகிறது. சொம்பு நிறைந்துவிட்டது, குழாயை மூடு.

ஹாலில் லோகேஷ் போனில் திசைகாட்டியைப் போட்டுத் தரையில் வைத்திருந்தான், அதனால் அவன் அம்மா இப்போது மனைவியின் போனுக்கு மாறியிருந்தார். "சமையக்கட்டு அக்கினி மூலைலதான் இருக்குதா சாமி? நல்லாப் பாரு." "இருக்குதும்மா, கொஞ்சம் தள்ளிக் காட்டுது." "எத்தன தள்ளி?" ரங்கராஜ் குனிந்து திசைகாட்டியைப் பார்த்து, பக்கத்தில் பிரிட்ஜ் இருந்தால் முள் ஆடும் என்று சமாதானம் சொன்னான். சுலோச்சனா தண்ணீரைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஹேமப்பிரியா அதற்குள் போனோடு அங்கிருந்து நகர்ந்திருந்தாள். அவள் சின்ன அறைப் பக்கம் போய்விட்டாள், இனிச் சொல்லியாகவேண்டும். இந்தக் கட்டம் ஒவ்வொரு முறையும் வருவதுதான். முதலில் வந்த வங்கிக்காரரிடம் வாசலிலேயே சொல்லிவிட்டாள், அவர் செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனார். அப்புறம் ஒரு டீச்சர் குடும்பம், அந்த டீச்சருடைய அம்மாவிடம் சமையலறையில் தனியாகச் சொன்னாள், கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டு மகளை இழுத்துப்போனாள். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் சாஸ்திரம் பார்க்காத ஆட்கள்போல இருந்தார்கள், அவர்களிடமும் சொன்னாள், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். உள்ளதைச் சொன்னோம், நாளைக்கு ஒரு பேச்சு வராது என்று அவளுக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் எத்தனை பெரிது. அவர்கள் இறங்கிப் போனதும் வயிறு பசித்தது, புளிக்குழம்பு வைத்து ஆற அமரச் சாப்பிட்டாள், ஜன்னல் பக்கம் கால் நீட்டிப் படுத்து அப்படி ஒரு தூக்கம். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். பெங்களூரிலிருந்து மகன் நவநீதன் கூப்பிடுவான், "என்னாச்சும்மா?" "அவங்களுக்கு ஒத்துவரலைடா." பையன் நல்லவன், குறை சொல்லக்கூடாது. "தனியா எதுக்கும்மா அங்க, வித்துட்டு வந்துரு, உனக்குன்னு ரூம் இருக்குது," என்பான். இருக்கிறது. அந்த அறையில் பேரனின் சைக்கிள், இஸ்திரி மேசை, மருமகள் மடித்து வைக்கக் காத்திருக்கும் துணிகள், அவற்றுக்கு நடுவில் ஒரு கட்டில். பதினாலாவது மாடி. போன தடவை கறிவேப்பிலை வாங்கக் கீழே இறங்கினவள், லிஃப்ட் கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும் என்பதால் செடித் தொட்டியின் விளிம்பில் கறிவேப்பிலையோடு உட்கார்ந்திருந்தாள், செக்யூரிட்டி ஹிந்தியில் எந்த வீடு என்று கேட்டான், அவளுக்கு எண் மறந்துவிட்டது. மகன் பெயரைச் சொன்னாள். அவன் பெயரால் யாருக்கும் அங்கே எதையும் திறக்கத் தெரியவில்லை. மருமகள் வந்து அழைத்துப்போனாள், ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள்கூட. ஆனால் அந்தத் தொட்டி விளிம்பு அவளுக்கு இன்னும் தொடையில் குளிர்ந்துகொண்டிருக்கிறது.

எழுந்து சின்ன அறைக்குப் போனாள். ஹேமப்பிரியா ஜன்னலோரம் நின்றிருந்தாள், மாமியாரின் வீடியோவை அணைத்துவிட்டுப் போனைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மருதமலை ஒரு துண்டு, அதன் முதுகில் மேகம், கீழே யாரோ ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டில் இல்லாததால் அறை பெரிதாகத் தெரிந்தது, கட்டிலை அந்த வாரமே யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், தரையில் கால்கள் நின்ற இடத்தில் நான்கு மங்கல் வட்டங்கள் எவ்வளவு துடைத்தும் போகவில்லை. "மத்தியானம் வெயில் உள்ள வருங்களா ஆன்ட்டி?" "வராது கண்ணு. மூணு மணிக்கு மேல கொஞ்சம் அந்தச் செவுத்துல விழும்." அவர் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். இப்போது சொல்லவேண்டும். சொன்னால் இந்தப் பெண்ணின் முகம் மாறும், துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போவாள், லோகேஷின் காதில் சொல்வாள், கோபிக்குச் செய்தி போகும், ரங்கராஜ் வாசலில் நின்று அவளை ஒரு பார்வை பார்ப்பான், அப்புறம் பசிக்கும். "ஒண்ணு சொல்லோணும் உன்கிட்ட," என்றாள். "எங்க வீட்டுக்காரரு இந்த ரூம்லதான் போனாரு. படுத்தமானிக்கு, தூக்கத்துலயே. அடைப்புன்னு ஆறு மாசம் பூட்டி வெச்சிருந்தோம். எதையும் மறைச்சு விக்கக் கூடாதில்ல, அதான்." சொல்லி முடித்ததும் அந்தப் பழைய நிம்மதி பாதிவழி வந்துவிட்டது. ஹேமப்பிரியா முகம் மாறத்தான் செய்தது, ஆனால் எதிர்பார்த்த பக்கம் மாறவில்லை. "வீட்லயேங்களா ஆன்ட்டி? ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகாம?" "ம்." "நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" "சமையக்கட்டுல இருந்தேன். காப்பி போட்டுட்டு இருந்தேன்." பெண் அந்தச் சுவரில் கையை வைத்தாள். "எங்கம்மா கொரோனாவுல போனாங்க. தீத்திபாளையத்து வீட்ல இருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதுதான், அப்பறம் ஒரு பைல சுத்தித் தூரத்துல இருந்து காட்டுனாங்க. அது எங்கம்மாதானான்னுகூட எனக்கு இன்னும் தெரியாது." அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள், அதை நிறையத் தடவை தனக்குத்தானே சொல்லிப் பழகியிருப்பாள்போல. "எனக்கு இதுல பயமே இல்லீங்க ஆன்ட்டி. நெசமா. ஆனா அத்தைகிட்ட மட்டும் சொல்லிராதீங்க, ப்ளீஸ். இவருகிட்ட நானே மெதுவாச் சொல்லிக்கறேன். ஒரு வருசமா வாராவாரம் வீடு பாக்கறோம், எனக்குப் புடிச்சா அத்தைக்குத் திசை சரியில்ல, அத்தைக்குப் புடிச்சா இவருக்கு ஆபீஸ் தூரம். இதுதான் எல்லாருக்கும் சரியா வந்திருக்கு."

இப்படி ஒருவர் சொல்லக்கூடும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. வந்துகொண்டிருந்த நிம்மதி வழியிலேயே நின்று, பிறகு திரும்பிப் போயிற்று. அது போவதை அவள் பார்த்தாள், படியிறங்கிப் போகிற விருந்தாளியைப் பார்ப்பதுபோல. அவள் இதுவரை சொன்னது உண்மைதான், ஒரு வார்த்தை கூட்டவில்லை குறைக்கவில்லை, ஆனால் எதற்காகச் சொன்னாள். வங்கிக்காரரிடம் வாசலிலேயே ஏன், உள்ளே வந்து அவர் பால்கனியைப் பார்ப்பதற்கு முன்பே ஏன். டீச்சரிடம் சொல்லாமல் டீச்சருடைய அம்மாவாகப் பார்த்து ஏன். செத்த மனிதரை வாசலில் நிறுத்தி வருகிறவர்களையெல்லாம் விரட்ட வைத்திருக்கிறாள், உயிரோடு இருந்தவரை அவர்தான் முடிவு செய்தார், போன பிறகும் அவரையே முடிவு செய்ய விட்டிருக்கிறாள், தான் ஒன்றும் சொல்லாமல். நினைக்கச் சிரிப்பு வந்தது. காதோரம் சூடாகவும் இருந்தது. ஹேமப்பிரியா அதற்குள் சுவரோரம் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தாள், "இங்க டேபிள் போட்டுக்கலாம், மலையைப் பாத்துட்டே வேலை செய்யலாம், மீட்டிங்ல பின்னாடி வெறும் செவுருதான் தெரியும், துணி காயப்போட்டது தெரியாது." அந்தக் கை சாண் சாணாக நகர்ந்து மங்கல் வட்டங்களில் ஒன்றைத் தாண்டியது. நல்ல பெண். இவளிடம் போனால் இந்த வீடு நன்றாகத்தான் இருக்கும். சாமான் ஏற்றிய வண்டி போன பிறகு அவள் பெங்களூர்க் கட்டிலில் படுத்து, இந்த நேரத்துக்கு அந்தப் பெண் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்ளலாம். நினைத்துக்கொள்ளலாமா. முதல் தடவையாக அவளுக்கு அந்த மலைத் துண்டு வேறொருத்திக்குக் கொடுக்கக்கூடிய ஒன்றாகத் தெரிந்தது, அப்படியானால் அது தன்னிடம் இருந்திருக்கிறது. மழை வருவதற்கு முன்னால் அது கிட்டே வந்து நிற்கும். காலையில் கோலம் போட்டுவிட்டு, பாலைக் காய்ச்சிவிட்டு, ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் அது இருந்திருக்கிறது, அவள் கொடியில் துணி காய்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறாள்.

ஹாலில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. திசைகாட்டி சரியாகிவிட்டது, கோபி மறுபடி லோகேஷின் போனுக்கு வந்து சம்மதித்துவிட்டது, லோகேஷ் மனைவியின் முகத்தைப் பார்த்தான், அவள் தலையசைத்தாள், தலையசைக்கும்போது அவளுக்கு வாயெல்லாம் சிரிப்பு. "அப்பறமென்னங்க்கா," ரங்கராஜ் கைகளைத் தேய்த்தான், "நாளைக்கே நல்ல நாளு. முடிச்சரலாமுங்களா?" சுலோச்சனா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியது சின்ன வாக்கியம், அதற்கு வாய் பழகியிருக்கவில்லை. ஒத்துவரலை, அவங்களுக்குப் புடிக்கலை, அவரு சொன்னாரு, பையன் சொல்றான், இப்படித்தான் அவள் வாக்கியங்கள் இத்தனை காலம் ஆரம்பித்தன. "நான் விக்கலீங்க தம்பி." அவனுக்குக் காது கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னாள். "இந்த வீட்ட நான் விக்கப் போறதில்ல." ரங்கராஜ் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்தினான். "என்னங்க்கா இப்படிச் சொல்றீங்க? தம்பி பெங்களூர்ல இருந்து பேசித்தானே நான் கூட்டிட்டு வர்றேன்." "அவன் பேசினான். வீடு எம்பேர்ல இருக்குது." அப்படித்தான் இருந்தது, ஆடிட்டர் யாரோ சொன்னார் என்று அவள் வீட்டுக்காரர் அப்படி எழுதினார், ரிஜிஸ்டர் ஆபீஸில் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அவள் கரும்புச்சாறு குடித்தாள், அதைத் தவிர அன்றைக்கு நடந்த எதையும் தன்னோடு சேர்த்து நினைத்ததில்லை. லோகேஷ் கோபமாக ஏதோ சொன்னான், விற்காத வீட்டை எதற்குக் காட்டுகிறீர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு என்று, அது நியாயம்தான், அவள் தலையாட்டினாள். ஹேமப்பிரியாவைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. "நான் அத்தைகிட்டச் சொல்ல வேண்டாம்னு சொன்னது தப்பாப் போச்சுங்களா ஆன்ட்டி?" என்று அந்தப் பெண் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள். "இல்ல கண்ணு. உம்மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு இத்தன நாளாத் தெரியல, அதான். உன்னை அலைய வெச்சுட்டேன்." பெண் செருப்பை மாட்டினாள், ஒரு செருப்பு கால் மாறிப்போய், கழற்றி மறுபடி மாட்டினாள். அவள் முதுகு படியில் இறங்கி மறையும்வரை சுலோச்சனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொருத்தி ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது இதுதான் முதல் முறை. அது இனிக்கவில்லை. அப்படியே நின்றாள்.

ரங்கராஜ் தெருமுனையைத் தாண்டுவதற்குள் விசயம் பெங்களூர் போய்விட்டது. போன் அடித்தது, அவள் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு எடுத்தாள். "அம்மா, என்னம்மா ஆச்சு? அவங்களுக்கு வீடு புடிச்சுப்போச்சுன்னாரே ரங்கராஜு?" "ஆமா, ரொம்பப் புடிச்சுப்போச்சு." "அப்பறம் என்ன?" "எனக்கும் புடிச்சுப்போச்சுடா." அந்தப் பக்கம் பேரன் எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது. கோபித்துக்கொள்வான், அடுத்த வாரம் நேரில் வந்து உட்கார்ந்து பேசுவான், பேசட்டும், வந்தால் நல்லதுதான், பேரனையும் கூட்டி வரட்டும். "இத்தன வருசமா அங்கதானேம்மா இருந்தே," என்றான் கடைசியில், கோபமில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். "இருந்தேன்," என்றாள் சுலோச்சனா. "இன்னைக்குத்தான் பாத்தேன்."